குளத்திலிருந்து ஓடைக்கு: கம்பளை இராச்சிய காலத்து உழவர் சமூகம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்து வரலாற்று நூல்களைப் பயில்வோர் கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டை அணுகும்போது 'வீழ்ச்சி' என்னும் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். பொலன்னறுவை வீழ்ந்தது, பெருங்குளங்கள் உடைந்தன, இராசரட்டை காடாயிற்று, மன்னர் தென்மேற்கு நோக்கி நகர்ந்தனர் என்றவாறே அக்காலம் சித்திரிக்கப்படுகின்றது. அரண்மனையையும் பெருவிகாரையையும் மையமாகக் கொண்டு நோக்குமிடத்து இச்சித்திரம் பெரிதும் பொருந்துவதே. ஆயின், அவ்வரண்மனைக்கு நெல் அளந்த உழவன் என்ன ஆனான் என்ற வினாவை எழுப்பின், வீழ்ச்சி என்ற ஒரு சொல் அதற்குப் போதிய விடையாகாது. மன்னர் இடம்பெயர்ந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. உழவர் தம் தொழிலை மாற்றிக்கொண்ட வரலாறோ அவ்வளவாக எழுதப்படவில்லை. அதன் ஒரு பகுதியைக் கம்பளையை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்காசிறிபுரம் எனவும் வழங்கப்பெற்ற கம்பளை, 1341 இல் நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியுடன் தலைநகராயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இராச்சியம் எழுச்சி பெறும்வரை அது அந்நிலையிலே இருந்தது. மகாவலி கங்கை மலைகளினூடே வளைந்து செல்லும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊர் அது. பரந்த சமவெளியிலே, வானளாவிய தாதுகோபங்களின் நிழலிலே வாழ்ந்த ஒரு நாகரிகத்தின் வழித்தோன்றல்கள் இத்தகைய நிலத்தில் எவ்வாறு உழுது பிழைத்தனர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இராசரட்டையின் நீர்ப் பொருளாதாரம்

இலங்கையின் வறண்ட வலயம் மழையற்ற பாலை அன்று. அங்கு ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை பொதுவாக 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தது. அதிலும் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எனவே பெய்த நீரைத் தேக்கிவைப்பதே அங்கு உழவின் உயிர்நாடியாயிற்று. முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்து (1153 - 1186) நீர்ப்பாசனப் பணிகள் பற்றிச் சூளவம்சம் தரும் செய்திகளைத் தொகுத்து, 163 பெருங்குளங்கள், 2,376 சிறுகுளங்கள், 165 அணைகள், 3,910 கால்வாய்கள் என்று கணக்கிட்டுக் கூறுவது வழக்கம். அரசனின் புகழ்பாடும் நூலின் எண்கள் என்பதால் இவற்றை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் இக்கணக்கிலே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பெருங்குளம் ஒன்றுக்குச் சிறுகுளங்கள் பதினான்குக்கு மேல் இருந்தன என்பதே அது. பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்கள் அரசின் கைவேலை. சிறுகுளமோ பெரும்பாலும் ஊரின் கைவேலை.

இவ்வேறுபாட்டை வலியுறுத்தியவர்களுள் ஈ. ஆர். லீச் முக்கியமானவர். பெரும் நீர்ப்பாசனம் இருந்த இடத்திலெல்லாம் அதனை நடத்தும் வல்லாட்சியும் அதிகாரிகள் கூட்டமும் இருந்தே தீரும் என்ற விற்பொகலின் கொள்கையை மறுத்து 1959 இல் அவர் எழுதிய கட்டுரையில், இலங்கையின் ஊர்க்குளங்கள் அரசின் துணையின்றியே இயங்கவல்லவை என்று வாதிட்டார். ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971 இல் இவ்விடயத்தை மேலும் நுணுகி ஆராய்ந்து, நீர்மீதான உரிமை அரசனிடம் மட்டுமன்றி விகாரைகளிடமும் தனிப்பட்டோரிடமும் பரவியிருந்தமையை எடுத்துக்காட்டினார். இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் நாம் பெறக்கூடிய முடிபு ஒன்றுண்டு. அரசு தளர்ந்தபோது பெருங்குளத்தையும் நெடுங்கால்வாயையும் நம்பியிருந்த உழவனே முதலில் பாதிக்கப்பட்டிருப்பான். ஊர்க்குளத்தை நம்பியிருந்தவனுக்குச் சிறிது காலமாயினும் தாக்குப்பிடிக்க இயன்றிருக்கும்.

காரணங்கள் பற்றிய விவாதம்

இராசரட்டையின் சிதைவுக்கு ஒரே காரணத்தைக் கூறுவோர் பெரும்பாலும் 1215 இல் நிகழ்ந்த கலிங்க மாகனின் படையெடுப்பையே சுட்டுவர். கேரளரும் தமிழரும் அடங்கிய அவனது படை விகாரைகளைக் கொள்ளையிட்டதையும் நிலங்களைப் பறித்ததையும் சூளவம்சம் மிகுந்த வேதனையுடன் விவரிக்கின்றது. அவ்வேதனை பொய்யன்று. ஆனால் அதை எழுதியோர் துறவிகள் என்பதையும், தம் விகாரைகளின் இழப்பே அவர்தம் உள்ளத்தில் முதன்மை பெற்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

படையெடுப்பு மட்டுமே காரணமாயின், படையெடுத்தவன் அகன்றபின் மக்கள் மீண்டிருக்க வேண்டும். தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகு (1236 - 1270) தன் மைந்தனைக் கொண்டு பொலன்னறுவையைச் சீர்செய்வித்து, அங்கு முடிசூட்டு விழாவும் நடத்தினான். மூன்றாம் பராக்கிரமபாகு 1287 முதல் 1293 வரை அந்நகரிலிருந்தே ஆண்டான். மாகன் வந்து எழுபது ஆண்டுகளின் பின்னரும் பொலன்னறுவையில் ஓர் அரசன் இருந்தான் என்பது இதனாற் புலனாகும். இருந்தும் அந்நகர் நிலைக்கவில்லை. அரண்மனையைப் பழுதுபார்க்கலாம். நூற்றுக்கணக்கான கட்டுக்களையும் மதகுகளையும் ஆண்டுதோறும் பேணும் ஒழுங்கு ஒருமுறை குலைந்தால் அதனை மீளக் கட்டுதல் எளிதன்று. றோட்ஸ் மேர்பி 1957 இலும், பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்து 1971 இல் பேராதனையில் வெளிவந்த தொகுப்பின் கட்டுரையாளர் பலரும், படையெடுப்பு, உட்பூசல், நிருவாகச் சீர்குலைவு, மலேரியா, வணிக மாற்றம் முதலிய பல காரணங்களை ஒருசேர எடைபோட்டமை இதனாலேயே.

மலேரியாவைப் பொறுத்தவரை அது காரணமா விளைவா என்பது நெடுநாள் வினா. உடைந்த குளங்களின் அடியிலும் ஓட்டம் நின்ற கால்வாய்களிலும் தேங்கிய நீர் நுளம்பைப் பெருக்கியிருக்கும். 1934 - 35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்றியபோது பரவிய மலேரியாவுக்கு ஏறக்குறைய 80,000 பேர் இலங்கையில் பலியாயினர் என்பதை நினைவுகூர்ந்தால், நீரொழுங்கு குலைதலும் நோயும் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும்.

பிறநாட்டு ஒப்புமையும் இங்குப் பயன்தரும். இலங்கையைப் போன்றே பெரும் நீர்த்தேக்கங்களை நம்பியிருந்த கம்போடியாவின் அங்கோர் நகரைப் பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வரட்சிகளும் இடையிடையே பெருமழைகளும் வருத்தின என்பதை, வியட்நாமின் பழமரங்களின் வளையங்களை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கும் அரசிருக்கை பின்னர் ஆற்றோரமாக, கடல்வணிகத்துக்கு வாய்ப்பான தெற்கு நோக்கி நகர்ந்தது. லூசெரோ, பிளெச்சர், கொனிங்ஹாம் ஆகிய மூவர் 2015 இல் எழுதிய கட்டுரையொன்று மாயா நகரங்களையும் அங்கோரையும் அனுராதபுரம், பொலன்னறுவை ஆகியவற்றையும் ஒப்பிட்டு, இவற்றை 'அழிவு' என்பதிலும் மக்கள் பரந்து குடியேறிய மாற்றம் என்பதே பொருந்தும் என்று விளக்கியது. பெருநகரை விட்டு மக்கள் அகன்றமை அவர்தம் தோல்வி மட்டுமன்று, பிழைக்கும் வழியுமாகும்.

பள்ளத்தாக்கில் உழவு

இவ்வகற்சி ஒரே பாய்ச்சலில் நிகழவில்லை. தம்பதெனியா, யாப்பகுவ, குருநாகல் என்னும் முதன் மூன்று தலைநகரங்களும் வறண்ட வலயத்துக்கும் ஈர வலயத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், அல்லது அதன் விளிம்பில் அமைந்தவை. அங்குக் குளமும் உண்டு, ஓடையும் உண்டு. மலைநாடும் முன்னர் வெறுங்காடாக இருக்கவில்லை. கண்டி, கேகாலைப் பகுதிகளின் குகைகளிற் காணப்படும் பழைய பிராமிக் கல்வெட்டுக்கள் அங்கு மிகப் பழங்காலத்திலேயே குடிகள் வாழ்ந்தமைக்குச் சான்றாகும். ஆகவே சமவெளியிலிருந்து வந்த உழவன் இடைநிலத்திலே சில தலைமுறைகள் பழகியும், மலைநாட்டின் பழங்குடிகளிடம் கற்றும் புதிய தொழின்முறைக்கு மாறியிருத்தல் வேண்டும்.

அவன் எதிர்கொண்ட சிக்கல் முன்னையதற்கு நேர்மாறானது. வறண்ட வலயத்தில் நீர் போதாது. ஈர வலயத்திலோ ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றரையும் கடந்து, இரு பருவக்காற்றுக்களாலும் மழை பெய்யும். அங்கு நீரைத் தேக்கவேண்டிய தேவை குறைவு. சரிவில் விரைந்தோடும் நீரை அடக்கி, மண்ணை அரிக்கவிடாது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மெல்ல இறக்குவதே அங்கு வேண்டப்பட்ட திறன். அதனால் பெருங்கட்டின் இடத்தை ஓடையின் குறுக்கே இட்ட சிற்றணை பெற்றது. நெடுங்கால்வாயின் இடத்தை மலையின் இடுப்பைச் சுற்றி வரும் சிறுவாய்க்கால் பெற்றது. பரந்த வயல்வெளியின் இடத்தைப் படிப்படியாக வெட்டிய வயல்கள் பெற்றன.

ஊர்ப்பெயர்களே இம்மாற்றத்துக்குச் சாட்சியாகும். வறண்ட வலயத்தில் எத்திசை நோக்கினும் தமிழில் குளம் என்றும் சிங்களத்தில் வெவ என்றும் முடியும் ஊர்கள் மலிந்துள்ளன. கண்டி, கம்பளைச் சூழலிலோ 'தெனிய' என்று முடியும் பெயர்களைக் காண்கின்றோம். மலைகளுக்கிடையே நீரூறும் ஒடுங்கிய தாழ்நிலமே தெனிய எனப்படும். கடலாதெனியாவும் தெல்தெனியாவும் அத்தகையன. நாம் பயிலும் பேராதனையும் பேராதெனிய என்ற பெயரில் அச்சொல்லையே தாங்கி நிற்கின்றது.

அக்கால மலைநாட்டு உழவைக் கண்டெழுதிய குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் பிற்காலத்திய சிறந்த சான்றொன்று இப்பகுதியிலிருந்தே கிடைக்கின்றது. 1660 இல் கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தம் சிறைவாழ்வின் ஒரு பகுதியை உடுநுவரவின் எலதெத்த என்னும் ஊரிற் கழித்தார். 1681 இல் வெளிவந்த தம் நூலில் அவர், மலைச்சரிவைப் படிகளாக வெட்டிச் சமப்படுத்தியிருந்தமையையும், மேற்படியின் நீர் வரிசையாகக் கீழ்ப்படிகளுக்கு இறங்கியமையையும் விவரிக்கின்றார். ஏழு மாதத்தில் விளைவது முதல் மூன்று மாதத்தில் விளைவது வரை ஐவகை நெல்லை உழவர் அறிந்திருந்தனர். நீர் நெடுநாள் நிற்கும் வயலுக்கு நீண்டகால நெல்லும், விரைவில் வற்றும் வயலுக்குக் குறுங்கால நெல்லும் தெரிந்துகொள்ளப்பட்டன. அறுவடையானதும் மாடுகள் வயலில் அவிழ்த்துவிடப்படுமாதலால், ஒரே வெளியிலுள்ள பயிர் யாவும் ஒரே காலத்தில் முதிரும்படி விதைப்பு ஒழுங்கு செய்யப்பட்டது. நீர் பாய்ச்சாது மானாவாரியாக விளையும் நெல்லும் உண்டென அவர் குறிக்கின்றார்.

நொக்ஸின் காலம் கம்பளைக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு பிற்பட்டது. அவர் கண்டவை யாவும் கம்பளைக் காலத்திலேயே இவ்வாறு இருந்தன என்று கொள்ளுதல் தவறாகும். எனினும் ஐவகை நெல்லும் அவற்றுக்கேற்ற நீர்க்கணக்கும் ஒரு தலைமுறையில் உருவாகும் அறிவன்று. அவற்றின் வேர் முன்னைய நூற்றாண்டுகளில் இருந்தது என்று கருதுதல் பொருத்தமானது.

நெல்வயல் ஒன்றையே நம்பியிருக்கும் நிலையும் மலைநாட்டில் மாறிற்று. பள்ளத்தில் வயல், அதன் விளிம்பில் வீடும் தோட்டமும், அதற்கு மேலே சரிவில் சேனை, உச்சியில் காடு என்று ஒவ்வோர் ஊரும் செங்குத்தாகப் பகுக்கப்பட்டது. வயல் பொய்த்தால் சேனையின் குரக்கன் உண்டு. சேனையும் பொய்த்தால் பலாவும் கித்துளும் உண்டு. குளமொன்று உடைந்தால் ஊரே பட்டினி கிடக்கும் நிலைக்கு, இவ்வகைப் பன்மைப் பயிர்ச்செய்கை ஒரு மாற்றாக அமைந்தது.

அரசும் நிலமும்

உழவு சிறுசிறு பள்ளத்தாக்குகளாகச் சிதறியபோது அரசும் அதற்கேற்ப மாறவேண்டியதாயிற்று. பெருங்குளத்தின் மதகைக் கையில் வைத்திருப்பவன் ஆயிரம் வயல்களுக்கு வரி விதிக்கலாம். ஆயிரம் ஓடைகளுக்கோ ஆயிரம் மதகுகள். அவற்றை எண்ணிக் கணக்கெடுத்து, நெல்லை மலைப்பாதைகளிலே தலைநகருக்குச் சுமத்தல் எந்த அரசனுக்கும் இயலாத காரியம். எனவே நெல்லை வரியாகப் பெறுவதிலும், நிலத்தைக் கொடுத்து அதற்கீடாகச் சேவையைப் பெறுவது முதன்மையுற்றது. பிற்காலக் கண்டி இராச்சியத்தில் இராசகாரியம் என்று நாம் அறியும் ஒழுங்கு வலுப்பெற்றமைக்கு மலைநாட்டின் இவ்வியல்பும் ஒரு காரணமெனலாம்.

இதற்கான தடயத்தை 1344 ஆம் ஆண்டின் இரு கட்டடங்களிலே காணலாம். அவ்வாண்டிலேயே கடலாதெனிய விகாரை கணேசுவராசாரி என்னும் சிற்பாசாரியால் தென்னிந்தியப் பாணியிற் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. சேனாலங்காதிகாரன் என்னும் அமைச்சன் லங்காதிலக விகாரையை எடுப்பித்ததும் அவ்வாண்டே. லங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மலைநாட்டின் நடுவே ஒரு பௌத்த விகாரைக்கு வழங்கிய கொடையைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதொன்றே, அக்காலச் சமூகம் இன்று சிலர் கற்பிப்பது போல இரு துண்டுகளாகப் பிளந்து கிடக்கவில்லை என்பதை உணர்த்தும்.

அக்காலச் சாசனங்களில் நிலத்தின் பரப்பு அதில் விதைக்கத்தக்க நெல்லின் அளவாலேயே குறிக்கப்படுகின்றது. அமுணம் என்பது விதையின் அளவு, அதுவே நிலத்தின் அளவுமாகும். ஒழுங்கற்ற வடிவுடைய மலைவயல்களுக்குக் கோலால் அளத்தலிலும் இது மிகப் பொருத்தமான முறை. ஆயினும் கொடையின் மறுபக்கத்தையும் நாம் கருதவேண்டும். நிலம் விகாரைக்கு வழங்கப்பட்டபோது அதனை உழுதவனின் சேவையும் உடன் வழங்கப்பட்டது. அவனது உடன்பாட்டைச் சாசனம் பதிவு செய்வதில்லை.

உழவன் மீதான சுமை ஒரு திசையிலிருந்து மட்டும் வரவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் வலிமை தெற்கே பரவியது. 1359 ஆம் ஆண்டின் மடவளைச் சாசனம், மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் மார்த்தாண்டன் என்னும் பெருமகனுடன் ஏற்பட்ட உடன்பாட்டையும், மலைநாட்டு ஊர்களில் வரி தண்டுவதையும் பற்றியது என ஆய்வாளர் விளக்குவர். இவ்வரி தண்டுவோரை அழகக்கோனார் ஒழித்து, கோட்டையை அரணாக்கிப் போரிட்டதாக இராசாவலிய கூறுகின்றது. தமிழ் மன்னனின் வெற்றியென்று இதில் நாம் பெருமிதம் கொள்வதும், சிங்களத் தலைவனின் மீட்பென்று மற்றையோர் பெருமிதம் கொள்வதும் எளிது. தெனியவில் சேறு மிதித்தவனின் நிலையிலிருந்து நோக்கினால், வரி தண்டியவன் எம்மொழி பேசினான் என்பது அவனது களத்து நெல்லின் அளவைக் கூட்டியிராது.

நெல்லின் உபரி குறைந்த அரசு வேறு வருவாயைத் தேடிற்று. அதனை ஈர வலயத்துக் காடும் கடற்கரையும் வழங்கின. இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனான தேவபதிராசன் பெந்தோட்டைக்கும் களுகங்கைக்கும் இடையே பெருந்தென்னந்தோப்பு நாட்டியதைச் சூளவம்சம் குறிப்பிடுகின்றது. 1283 இல் முதலாம் புவனேகபாகு எகிப்துக்கு அனுப்பிய தூது வணிகத்தை நாடியதே. 1344 இல், லங்காதிலகம் எழுந்த அதே ஆண்டில், புத்தளம் என்று கருதப்படும் துறையில் வந்திறங்கிய இபின் பதூதா, ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், மாபார், மலபார் வணிகர் மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்து அவற்றைக் கொண்டுசென்றதையும் எழுதியுள்ளார். அழகக்கோனார் குடும்பம் வணிகத்தாலே வலிமை பெற்று அரசியலில் உயர்ந்தமையும், கம்பளையின் அதிகாரம் படிப்படியாகக் கடலோரக் கோட்டைக்கு இறங்கியமையும் இப்போக்கின் விளைவுகளே.

வறண்ட நிலத்தில் தங்கியோர்

எல்லோரும் மலையேறவில்லை. வறண்ட வலயத்திலும் பலர் தங்கினர். அவர்தம் வரலாறு வன்னியின் வரலாறாகும். பெருங்குளங்கள் காடடைந்தபின் ஊர்க்குளத்தையே அலகாகக் கொண்டு, வன்னியர் என்னும் சிற்றரசர் தலைமையில் தமிழரும் சிங்களவரும் ஆங்காங்கே வாழ்ந்தனர். திருகோணமலையில் கோயிற் பணியையும் கந்தளாய்க் குளத்தையும் வன்னியரையும் ஒருங்கே குளக்கோட்டனுடன் இணைத்துக் கூறும் மரபு, அரசு இல்லாதவிடத்துக் கோயில் நீரொழுங்கின் காவலனாக நின்றமையின் நினைவாகலாம். நுவரகலாவியவின் புல்எலிய என்னும் ஊரை ஆராய்ந்து லீச் 1961 இல் வெளியிட்ட நூல், அத்தகைய ஊரொன்றில் நீரும் நிலமும் எத்துணை நுண்மையாகப் பங்கிடப்பட்டன என்பதைக் காட்டுகின்றது. வரட்சிக் காலத்தில் குளத்தையடுத்த வயற்பகுதியை மட்டும் விதைத்து, அதனை எல்லாப் பங்காளிகளும் தத்தம் பங்கின் விகிதப்படி பகிர்ந்துகொள்ளும் 'பெத்ம' வழக்கம் வறண்ட வலயத்து ஊர்களில் அண்மைக்காலம் வரை நிலவியுள்ளது. குறைந்த நீரைக் கலகமின்றிப் பகிரும் இவ்வறிவும், மலைநாட்டின் படிவயலைப் போலவே, மாறிய சூழலுக்கு உழவர் கண்ட விடையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொலன்னறுவைக்குப் பிற்பட்ட காலத்து உழவர் மூன்று வகையில் தம்மை மாற்றிக்கொண்டனர் என்பது பெறப்படும். நீரைத் தேக்கும் முறையிலிருந்து நீரை நடத்தும் முறைக்கு மாறினர். ஒரு பயிரை நம்பும் நிலையிலிருந்து பல பயிர்களுக்கு மாறினர். பெரிய அரசின் ஒழுங்கிலிருந்து ஊரளவான ஒழுங்குக்கு மாறினர். இம்மாற்றத்தைப் பொற்காலமென்று போற்றவேண்டியதில்லை. இடையில் நோயாலும் பசியாலும் மாண்டோரின் தொகையை எந்தச் சாசனமும் கூறவில்லை. உபரி குறைந்தது, சேவைச் சுமை கூடியது, பெருங்குளம் கட்டும் தொழினுட்பம் மறக்கப்பட்டது. ஆயினும் சமூகம் அழியவில்லை.

ஒரு நாகரிகத்தின் முடிவுக்கு ஓர் அந்நியனைக் குற்றவாளியாக்கும் வரலாறு படிப்பதற்கு எளிது. ஆனால் அத்தகைய வரலாற்றில் உழவனுக்கு இடமில்லை. அவன் அங்கு அடிபட்டவனாகவோ ஓடியவனாகவோ மட்டுமே தோன்றுவான். நீரும் மண்ணும் அரசும் மாறியபோது சிந்தித்துத் தொழிலை மாற்றியவனாக அவனை நோக்கும்போதுதான், கம்பளைப் பள்ளத்தாக்கின் சிங்கள உழவனும் வன்னிக் குளக்கட்டின் தமிழ் உழவனும் ஒரே வினாவுக்கு இரு விடைகளைக் கண்டவர்களாக நமக்குத் தெரிவர். சாசனங்களில் மன்னர் பெயரோடு அமுணக் கணக்கையும் படிக்கத் தலைப்படின், இவ்வரலாற்றின் எஞ்சிய பக்கங்களும் எழுதப்படும்.